சாம்பல் சொல்லும் கணக்கு

நெய்வேலி டவுன்ஷிப்பில் தெருவிளக்கு எரிவதை வைத்து அனல்மின் நிலையம் ஓடுகிறது என்று முடிவு கட்ட முடியாது. வெளி மின்தொகுப்பிலிருந்தும் மின்சாரம் வரும். வீட்டு பல்புக்கு இரண்டும் ஒன்றுதான். சோவியத் ஒத்துழைப்போடு 1962-ல் மின்சாரம் தரத் தொடங்கிய முதல் அனல்மின் நிலையம் 2020-ல் மூடப்பட்டபோது எங்கள் வட்டத்தில் ஒரு விளக்குகூட அணையவில்லை. உள்ளே கொதிகலன் எரிகிறதா, எவ்வளவு எரிகிறது என்று தெரிய வேண்டுமானால் விளக்கைப் பார்த்துப் பயனில்லை. சாம்பலைப் பார்க்க வேண்டும். எரித்த பழுப்பு நிலக்கரிக்கு ஏற்ற அளவு சாம்பல் வந்தே தீரும்.

அப்பா பாய்லர் பிரிவில் இருந்தார். ஷிஃப்ட் முடிந்து வந்து சைக்கிளைச் சாத்தும்போது காக்கிச் சட்டையின் மடிப்பில் சாம்பல் ஒட்டியிருக்கும். அதை விரல் நுனியில் எடுத்து கட்டைவிரலால் தேய்ப்பார். "வெளுப்பா இருந்தா நல்லா எரியுதுன்னு அர்த்தம். இன்னிக்கு கருப்படிக்குது பாரு, கரி முழுசா எரியல" என்பார். சாம்பலில் எரியாத கரி எவ்வளவு இருக்கிறது என்று பார்ப்பதற்கென்றே அனல்மின் நிலையங்களில் ஆய்வகம் உண்டு என்பது பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

இந்த அத்தியாயம் ஒரு குழந்தையின் இரத்தத்தைப் பற்றியது. அதற்குச் சாம்பலில் தொடங்கக் காரணம் இருக்கிறது.

என் அக்கா மகளுக்கு அப்போது ஏழு வயது. படுக்கையை நனைக்கும் பழக்கம் விட்டு மூன்று வருடம் ஆகியிருந்தது; திடீரென்று மறுபடி நனைக்கத் தொடங்கினாள். பள்ளிக்குக் கொண்டுபோகும் தண்ணீர் பாட்டில் பத்து மணிக்கே காலி. பாவாடை நாடாவை வாரத்துக்கு வாரம் இறுக்கிக் கட்ட வேண்டியிருந்தது. ஒரு கிளினிக்கில் சிறுநீரில் கிருமி என்று மருந்து கொடுத்தார்கள். நாலாம் நாள் குளியலறைத் தரையில் எறும்பு மொய்த்திருப்பதை அக்கா பார்த்தாள். அன்று இரவே குழந்தைக்கு மூச்சு வாங்கியது. ஓடிவந்தவள்போல ஆழமாக, வேகமாக இழுத்தாள். வாயில் அழுகிய பழத்தின் வாடை. காரில் போட்டுக்கொண்டு புதுச்சேரிக்கு ஓடினோம். விரலில் குத்திப் பார்த்த கருவி எண்ணே காட்டவில்லை. "ஹை" என்று மட்டும் காட்டியது.

முதல் வகை நீரிழிவு. உடலின் நோயெதிர்ப்புப் படையே, கணையத்தில் இன்சுலின் செய்யும் பீட்டா செல்களைப் பகையென்று எண்ணி அழிக்கும் நோய். சர்வதேச நீரிழிவுக் கூட்டமைப்பின் 2021-ம் ஆண்டு மதிப்பீட்டின்படி, இந்தியாவில் இந்த நோயோடு வாழும் இருபது வயதுக்கு உட்பட்டவர்கள் 2 லட்சத்துக்கும் மேல், உலகிலேயே அதிகம். இருந்தும் "சின்னப் பிள்ளைக்கு சுகரா?" என்று கேட்காத ஆளே இல்லை. அந்தக் கேள்வியோடு சேர்ந்து வரும் "நிறைய மிட்டாய் கொடுத்தீங்களா?" என்ற கேள்விதான் அக்காவை அதிகம் அழவைத்தது. மிட்டாய்க்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை.

மூன்று நாளில் குழந்தை தெளிந்தாள். ஊசி போட்டால் சர்க்கரை இறங்கியது. அதாவது விளக்கு எரிந்தது. அப்போது அக்கா மருத்துவரிடம் கேட்டது சரியான கேள்வி: "இவளுக்குச் சொந்தமா கொஞ்சமாவது சுரக்குதா டாக்டர்?"

அதைக் கண்டுபிடிக்க இரத்தத்தில் இன்சுலினை அளந்தால் போதாதா என்று தோன்றும். போதாது. ஊசியில் போன இன்சுலினும் அதே இரத்தத்தில்தான் ஓடுகிறது. பரிசோதனையில் இரண்டும் கலந்துவிடும். கணையம் விடும் இன்சுலின் முதலில் கல்லீரலுக்குப் போகிறது. அங்கேயே ஏறக்குறைய பாதியைக் கல்லீரல் எடுத்துக்கொள்கிறது. மிச்சமும் சில நிமிடங்களில் கரைந்துவிடும். அளப்பதற்கு இதைவிட மோசமான பொருள் கிடையாது.

இங்கேதான் 1967-ல் சிகாகோ பல்கலைக்கழகத்தில் டொனால்ட் ஸ்டைனர் செய்த வேலை வருகிறது. இன்சுலின் இரண்டு சங்கிலிகளால் ஆனது: ஒன்றில் 21 அமினோ அமிலங்கள், இன்னொன்றில் 30. செல் இந்த இரண்டையும் தனித்தனியே செய்து பிறகு இணைக்கிறது என்றுதான் அதுவரை பலரும் நம்பினார்கள். ஒரு மனிதக் கணையக் கட்டியின் திசுவில் கதிரியக்க அமினோ அமிலங்களைச் சேர்த்துப் பின்தொடர்ந்த ஸ்டைனர் வேறொன்றைக் கண்டார். செல் முதலில் நீளமான ஒரே சங்கிலியைச் செய்கிறது. அதற்குப் பெயர் ப்ரோஇன்சுலின். அதில் இரண்டு சங்கிலிகளுக்கும் நடுவே ஓர் இணைப்புத் துண்டு. தளம் போடும்போது அடியில் கொடுக்கும் சென்ட்ரிங் போல, இரண்டு சங்கிலிகளும் சரியான கோணத்தில் மடிந்து ஒட்டும்வரை அது தாங்கிப் பிடிக்கிறது. ஒட்டியதும் நொதிகள் வந்து அதை வெட்டி எடுத்துவிடுகின்றன. 31 அமினோ அமிலங்கள் கொண்ட அந்தத் துண்டுதான் சி-பெப்டைடு.

வெட்டிய துண்டைச் செல் தூக்கி எறிவதில்லை. இன்சுலின் இருக்கும் அதே பைக்குள் அதுவும் கிடக்கிறது. பை திறக்கும்போது இரண்டும் சேர்ந்தே இரத்தத்தில் இறங்குகின்றன, ஒன்றுக்கு ஒன்று என்ற கணக்கில். சி-பெப்டைடைக் கல்லீரல் பெரிதாகத் தொடுவதில்லை. இரத்தத்தில் அதன் அரை ஆயுள் ஏறக்குறைய அரைமணி நேரம். எல்லாவற்றுக்கும் மேலாக, மருந்துக் கடையில் வாங்கும் இன்சுலினில் அது கிடையாது. வெளியிலிருந்து வந்த மின்சாரத்துக்கு நம் ஊரில் சாம்பல் விழாது. ஆகவே இரத்தத்தில் சி-பெப்டைடு இருந்தால், அது அந்தக் குழந்தையின் சொந்த அடுப்பிலிருந்து வந்ததே.

நோய் கண்ட அன்றே இதை அளப்பதில் ஒரு சிக்கல் உண்டு. சர்க்கரை பல நாள் உச்சத்தில் நின்றால், உயிரோடு இருக்கும் பீட்டா செல்களும் மயங்கிப்போகும். அன்று அளந்தால் எண் உண்மையைவிடத் தாழ்வாகக் காட்டும். அதனால் எங்களுக்கு இரண்டு மாதம் கழித்துத்தான் தேதி கொடுத்தார்கள்.

அன்று காலை ஊசி போடாமல், வெறும் வயிற்றோடு வரச் சொல்லியிருந்தார்கள். ஆராய்ச்சிகளில் இதற்கு ஒரு திட்டமான பானம் உண்டு. எடைக்குக் கிலோவுக்கு 6 மில்லி கணக்கில், 360 மில்லியைத் தாண்டாமல் கொடுத்து, இரண்டு மணி நேரத்தில் பலமுறை இரத்தம் எடுப்பார்கள். அந்தப் பானத்தின் பெயர் பூஸ்ட். நம் வீட்டில் பாலில் கலக்கும் பூஸ்ட் அல்ல, வேறொரு தயாரிப்பு. அன்றாட மருத்துவத்தில் இவ்வளவு தேவைப்படாது. காலை உணவு கொடுத்து ஒன்றரை மணி நேரம் கழித்து ஒருமுறை எடுப்பதும் உண்டு. எங்கள் குழந்தைக்கு அப்படித்தான். நாலு இட்லி சாப்பிட்டாள். தொண்ணூறாவது நிமிடம் செவிலியர் ஊதா மூடி போட்ட குழாயில் இரத்தம் எடுத்தார். கூடவே சர்க்கரை அளவுக்கு ஒரு குழாய். இந்த இரண்டாவது குழாயைப் பலர் விட்டுவிடுகிறார்கள். சர்க்கரை தாழ்ந்திருக்கும் நேரத்தில் கணையம் சும்மா இருப்பதுதான் இயல்பு. அப்போது சி-பெப்டைடு குறைவாக வந்தால் அதற்கு ஒரு பொருளும் இல்லை.

ஊதா மூடிக்கும் காரணம் உண்டு. சாதாரணக் குழாயில் எடுத்தால் சீக்கிரம் சீரத்தைப் பிரித்துக் குளிரில் வைத்தாக வேண்டும். ஊதா மூடிக் குழாயில் இருக்கும் ஈடிடிஏ என்ற உப்பு சி-பெப்டைடை அறை வெப்பத்திலேயே ஒரு நாள் வரை காப்பாற்றுகிறது. இங்கிலாந்தின் எக்ஸிட்டர் குழுவினர் 2012-ல் இதைக் காட்டினார்கள். சென்னை ஆய்வகத்துக்கு ஏறக்குறைய 200 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் எங்கள் ஊருக்கு இது சிறிய செய்தி அல்ல. சிறுநீரிலும் அளக்கலாம், போரிக் அமிலம் போட்ட குழாயில் மூன்று நாள் வரை தாங்கும். ஊசிக்குப் பயந்து நடுங்கும் குழந்தைக்கு அது பெரிய ஆறுதல்.

முடிவு வந்தது: 0.30. மூன்று மாதம் கழித்து வேறோர் ஆய்வகத்தில் எடுத்தோம்: 0.90. அக்கா போனில் கத்தினாள். "தம்பி, மூணு மடங்கு ஏறிடுச்சுடா! சரியாகுதுடா இவளுக்கு!" பின்னால் அப்பா யாரையோ கூப்பிட்டுச் சொல்லும் சத்தமும் கேட்டது. இரண்டு தாள்களையும் படமெடுத்து அனுப்பச் சொன்னேன். முதல் தாளில் எண்ணுக்குப் பக்கத்தில் நானோமோல்/லிட்டர். இரண்டாவதில் நானோகிராம்/மில்லி லிட்டர். மில்லி லிட்டருக்கு ஒரு நானோகிராம் என்பது லிட்டருக்கு 0.33 நானோமோல். இரண்டும் ஒரே அளவு. அதை அவளிடம் சொல்ல எனக்கு அரைமணி நேரம் பிடித்தது. தாளில் அலகு பொடி எழுத்தில் இருக்கிறது. எண் கொட்டை எழுத்தில் இருக்கிறது. சர்க்கரை நோயுள்ள குழந்தையின் பெற்றோர் யாராவது இதைப் படித்தால், தயவுசெய்து முதலில் அலகைப் பாருங்கள்.

அந்தத் தவறான மூன்று மடங்கு ஆபத்தானதாகவும் ஆகியிருக்கும். நோய் கண்ட சில வாரங்களில், ஊசி இன்சுலின் சுமையைக் குறைத்ததும் மிச்சமிருக்கும் பீட்டா செல்கள் மூச்சுவிட்டு எழும். சர்க்கரை தானே கட்டுக்குள் நிற்கும். ஊசியின் அளவு பாதிக்கும் கீழே போகும். இதற்கு மருத்துவர்கள் வைத்த பெயர் தேனிலவுக் காலம். சில மாதங்கள், சிலருக்கு ஒரு வருடம் தாண்டியும் நீளும். சரியாக இந்த நேரத்தில்தான் யாராவது வேர், பொடி, கஷாயம் என்று வீட்டுக்கு வருவார்கள். கொடுத்த மருந்தால்தான் குறைந்தது என்று தோன்றும். ஊசியை நிறுத்துவார்கள். எதிர்ப்பு அணுக்களோ வேலையை நிறுத்தியிருக்காது. சில குழந்தைகள் மறுபடி மயக்கத்தோடு அவசரப் பிரிவுக்கு வருகிறார்கள். சிலர் வந்து சேர்வதில்லை. சி-பெப்டைடு இருக்கிறது என்றால் அடுப்பில் கொஞ்சம் கனல் இருக்கிறது என்று பொருள். அந்தக் கனலில் ஊருக்கே சோறு வடிக்க முடியாது.

ஆனால் அந்தக் கனலுக்கு மதிப்பு உண்டு. அமெரிக்காவிலும் கனடாவிலும் 1983 முதல் 1993 வரை 1,441 பேரை வைத்து நடந்த டிசிசிடி ஆய்வு, தீவிரக் கட்டுப்பாடு கண்ணையும் சிறுநீரகத்தையும் காக்கும் என்று நிறுவியது. அதன் தரவுகளிலேயே இன்னொன்றும் கிடைத்தது. உணவுக்குப் பிந்தைய சி-பெப்டைடு லிட்டருக்கு 0.2 நானோமோலுக்கு மேல் இருந்தவர்களுக்குக் கண் பாதிப்பும் குறைவு, சர்க்கரை திடீரென்று தாழ்ந்து நினைவிழப்பதும் குறைவு. பாஸ்டனில் உள்ள ஜோஸ்லின் மையம் ஐம்பது வருடத்துக்கு மேல் இன்சுலினில் வாழ்ந்தவர்களைச் சோதித்து 2010-ல் வெளியிட்ட ஆய்வில், ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்குப் பேரிடம் சி-பெப்டைடு இன்னும் துளியாவது இருந்தது. அரை நூற்றாண்டுப் போருக்குப் பிறகும் சில செல்கள் பிழைத்திருந்தன. பீட்டா செல்கள் மொத்தமாக அழிந்துபோகும் என்று பாடப்புத்தகங்களில் படித்த தலைமுறைக்கு இது பெரிய அதிர்ச்சி.

இதே அளவுகோல் தமிழ்நாட்டில் வேறொரு புதிரை அவிழ்த்திருக்கிறது. 1948-ல் சென்னை ஸ்டான்லி மருத்துவமனையில் நீரிழிவுக்கெனத் தனிப் பிரிவு தொடங்கிய எம். விசுவநாதனும் அவருடைய குழுவினரும், ஒரு விசித்திரமான நோயாளிக் கூட்டத்தைப் பார்த்து வந்தார்கள். இளவயது, ஒட்டிய உடம்பு, வயிற்றுவலி, எக்ஸ்ரேயில் கணையத்துக்குள் கற்கள். சர்க்கரை மிக அதிகம். முதல் வகைக்காரர்களைப் போலவே தோற்றம். ஆனால் இன்சுலினை விட்டாலும் அவர்களுக்கு அந்த மூச்சுவாங்கலும் மயக்கமும் வருவது அரிது. ஏன்? விசுவநாதனின் மகன் வி. மோகன், சி. ஸ்நேகலதா, ஏ. ராமச்சந்திரன் ஆகியோர் அவரோடு சேர்ந்து 1983-ல் வெளியிட்ட ஆய்வில் சி-பெப்டைடை அளந்து காட்டினார்கள். முதல் வகையில் இருப்பதுபோல் அது வற்றிப்போகவும் இல்லை, ஆரோக்கியமானவர்களிடம் இருப்பதுபோல் நிறையவும் இல்லை, நடுவில் நின்றது. கொழுப்பு கட்டுமீறி உருகி அமிலமாவதைத் தடுக்க அந்தக் கொஞ்சமே போதுமானதாக இருந்தது. நம் ஊரில் காணும் நோய் ஒன்றைச் சாம்பலின் அளவு அடையாளம் காட்டியது.

இன்னொரு கூட்டமும் உண்டு. குழந்தைப் பருவத்திலிருந்தே சத்துணவு கிடைக்காமல் வளர்ந்து, மெலிந்த உடலோடு இளவயதில் சர்க்கரை வந்தவர்கள். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் நிஹால் தாமசும் நியூயார்க்கின் மெரிடித் ஹாக்கின்சும் சேர்ந்து நடத்திய ஆய்வு, இவர்களிடம் தன்னெதிர்ப்பு இல்லை, இன்சுலின் சுரப்பில்தான் குறை என்று 2022-ல் காட்டியது. 2025-ல் சர்வதேச நீரிழிவுக் கூட்டமைப்பு இதற்கு ஐந்தாம் வகை என்று பெயர் கொடுத்தது. இவர்களை முதல் வகை என்று நினைத்து முழு அளவு ஊசி போட்டால், அடுத்த வேளைச் சோறு உறுதியில்லாத வீட்டில் சர்க்கரை தாழ்ந்தே உயிர் போகலாம்.

ஆனால் சாம்பலையும் கண்ணை மூடிக்கொண்டு நம்பக் கூடாது. பிறந்த ஆறு மாதத்துக்குள் சர்க்கரை வரும் சில குழந்தைகளின் இரத்தத்தில் சி-பெப்டைடு இல்லாமலேயே போகலாம். பீட்டா செல்கள் செத்துவிட்டன என்று தோன்றும். செல்களோ உயிரோடு, பைகள் நிறைய இன்சுலினோடு இருக்கும். செல் சவ்வில் உள்ள பொட்டாசியம் வாயில், மரபணுப் பிழையால் திறந்தே நின்றுவிடுவதால் பை திறக்க வழியில்லை. 2004-ல் இந்தப் பிழை கண்டறியப்பட்டது. அந்த வாயிலைச் சாத்தும் மாத்திரை, கிளிபென்கிளமைடு, ஏற்கெனவே மருந்துக் கடையில் இருந்தது. சென்னையில் ராதா வெங்கடேசனின் மரபணு ஆய்வகம் இப்படிப்பட்ட குழந்தைகளைக் கண்டுபிடித்துக் கொடுக்க, ஊசியிலிருந்து மாத்திரைக்கு மாறியவர்கள் உண்டு. ஆறு மாதத்துக்குள் வந்த சர்க்கரைக்கு மரபணுச் சோதனை செய்யாமல் வாழ்நாள் ஊசி என்று எழுதிக் கொடுப்பதை என்னால் ஏற்கவே முடியாது.

அப்பா விரலில் தேய்த்த கருப்புச் சாம்பலுக்கு வருகிறேன். பீட்டா செல் தாக்கப்படும்போது அதன் வேலை கெடுகிறது. வெட்டி முடிக்காத ப்ரோஇன்சுலினையே இரத்தத்தில் தள்ளிவிடுகிறது. எரியாத கரி சாம்பலோடு வெளியே வருவதுபோல. ப்ரோஇன்சுலினுக்கும் சி-பெப்டைடுக்கும் உள்ள விகிதம் உயர்ந்தால் செல்கள் திணறுகின்றன என்று பொருள். நோய் வர வாய்ப்புள்ள உறவினர்களைப் பின்தொடர்ந்த ட்ரயல்நெட் அமைப்பின் தரவுகளில், சர்க்கரை ஏறுவதற்கு முன்பே இந்த விகிதம் உயர்ந்தது. பத்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளிடம் இன்னும் தெளிவாக. சி-பெப்டைடு அளக்கவே முடியாத அளவுக்குப் போனவர்களிலும் பெரும்பாலோரிடம் ப்ரோஇன்சுலின் தென்பட்டதாக 2019-ல் ஓர் ஆய்வு சொன்னது. செல் இருக்கிறது, செய்யவும் பார்க்கிறது, முடிக்கத்தான் முடியவில்லை.

உலையின் உட்சுவரில் பதித்த செங்கல்லே பெயர்ந்து சாம்பலில் விழுந்தால்? அதையும் தேடுகிறார்கள். செத்த செல்லின் டிஎன்ஏ துணுக்குகள் இரத்தத்தில் மிதக்கும். இன்சுலின் மரபணு எல்லாச் செல்லிலும் இருக்கிறது. ஆனால் மற்ற செல்களில் அதன்மேல் மெத்தில் பூட்டு தொங்குகிறது, பீட்டா செல்லில் மட்டும் பூட்டில்லை. பூட்டில்லாத துணுக்கு இரத்தத்தில் கிடைத்தால் எங்கோ ஒரு பீட்டா செல் சற்று முன்பு செத்திருக்கிறது. யேல் பல்கலைக்கழகத்தில் கெவன் ஹெரால்டின் குழு 2011-ல் இதை வெளியிட்டது. அருமையான யோசனை. துணுக்குகள் மிகக் குறைவு என்பதால் இன்னும் ஆய்வகத்தைத் தாண்டி வரவில்லை.

பீட்டா செல்களைக் குறிவைத்து உடலே செய்யும் எதிர்ப்புப் புரதங்கள் வேறு வகைச் சான்று. அவை அடுப்பைப் பற்றிப் பேசுவதில்லை, அடுப்பை இடிக்க வந்தவர்களைப் பற்றிப் பேசுகின்றன. அவற்றில் இரண்டோ அதற்கு மேலோ உள்ள குழந்தைகளில் ஏறக்குறைய 70 சதவீதம் பேருக்குப் பத்து வருடத்தில் நோய் வெளிப்பட்டதாக 2013-ல் கொலராடோ, பின்லாந்து, ஜெர்மனி தரவுகள் காட்டின. அப்படிப்பட்டவர்களில் சர்க்கரை தடுமாறத் தொடங்கியவர்களுக்கு டெப்லிசுமாப் என்ற மருந்தைப் பதினான்கு நாள் செலுத்தினால் நோய் ஏறக்குறைய இரண்டு வருடம் தள்ளிப்போகிறது. அமெரிக்கா 2022-ல் இதற்கு அனுமதி கொடுத்தது. இரண்டு வருடம்தானா என்று கேட்பவர்களுக்கு ஏழு வயதில் ஊசி போட்டுக்கொள்ளும் குழந்தை வீட்டில் இல்லை.

அக்கா மகளுக்கு இப்போது பத்து வயது. போன மாத முடிவில் எண்ணுக்கு முன்னால் ஒரு சிறிய குறி: கருவி அளக்கக்கூடிய அளவுக்கும் கீழே. அக்கா இந்த முறை முதலில் அலகைத்தான் பார்த்திருக்கிறாள். மருத்துவர் அந்தத் தாளை ஓரமாக வைக்கவில்லை. சொந்தச் சுரப்பு போனால், சர்க்கரை தாழும்போது அதைத் தூக்கிவிடும் குளுக்ககானின் பதிலும் மங்கும். இரவில் தாழ்ந்தால் குழந்தை தானாக விழிக்காமல் போகலாம். அதனால் இரவு ஊசியின் அளவைக் கொஞ்சம் மாற்றினார்; நள்ளிரவுக்குப் பிறகு ஒருமுறை பார்க்கச் சொன்னார்.

அலாரம் மூன்று மணிக்கு. போன வாரம் நான் அங்கே தங்கியிருந்தேன். அக்கா விளக்குப் போடவில்லை. ஜன்னல் வழியே விழும் தெருவிளக்கு வெளிச்சத்திலேயே குழந்தையின் விரலைத் தேடிப் பிடித்து, நுனியில் குத்தாமல் பக்கவாட்டில் குத்தினாள். குழந்தை புரண்டுகூடப் படுக்கவில்லை. கருவியில் 112. நோட்டில் தேதிக்கு நேரே எழுதிவிட்டுப் போர்வையை இழுத்துவிட்டாள்.